பழைய பெஞ்ச் வைஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காயலான் கடையில் எடைக்கு வாங்கிய வைஸ், தாத்தா பட்டறையில் இருந்து வந்த வைஸ், மாமனார் வீட்டுக் கொல்லையில் மழையில் கிடந்த வைஸ். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். கடலோர ஊர் என்பதால் சில பதில்கள் கோயம்புத்தூர்க்காரருக்குப் பொருந்தாமல் போகலாம்.

பெஞ்ச் வைஸ் என்பது பட்டறை மேசையில் மாட்டி, வேலை செய்யும் பொருளை இரண்டு தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கருவி. முதலில் பாகங்கள். பெஞ்சோடு இறுக்கப்பட்டு அசையாமல் நிற்பது நிலைத்தாடை. முன்னும் பின்னும் போவது நகரும் தாடை. அதற்குள் ஓடும் சதுர மரைத் தண்டு ஸ்பிண்டில். அந்த மரை போய்ப் பிடிக்கும் இடம் நட். பொருளை நேராகக் கவ்வுகிற, முள்வரி போட்ட இரண்டு பட்டைகள் ஜா பிளேட். மீதியைப் போகப்போகப் பார்க்கலாம்.

பழைய வைஸ் இங்கே எங்கே கிடைக்கும்?

புதுச்சேரி என்றால் மகாத்மா காந்தி வீதியில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. துணிக்கடைகளைத் தாண்டி, தரையில் சாக்கு விரித்துப் பழைய ஸ்பேனர், டிரில் பிட், பூட்டு என்று பரப்பியிருப்பவர்களிடம் சில நேரம் வைஸும் இருக்கும். காலையிலேயே போய்விடுங்கள். நல்லது மதியம் வரை நிற்காது. கடலூரில் காயலான் கடைகள்தான் வழி. கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரம்) படகு வேலை பார்க்கும் பட்டறை எதையாவது மூடுகிறார்கள் என்றால் அங்கும் விசாரிக்கலாம்.

புதுச்சேரியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "இது மில் சாமான் சார், வெள்ளைக்காரன் காலத்து ஐட்டம்" என்று விற்பார்கள். 1898-இல் தொடங்கிய ஏஎஃப்டி (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) ஆலை 2020-இல் மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளும் ஓடவில்லை. ஆலைப் பொருள் வெளியே வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். வைஸில் காசு பெறுவது இரண்டே இரண்டு: விரிசல் இல்லாத காஸ்டிங் (வார்த்த உடல்), தேயாத மரை. மற்றதெல்லாம் உங்கள் கையால் சரிசெய்து கொள்ளக்கூடியவை.

கடையில் நிற்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கூடவே எடுத்துப் போக வேண்டியவை ஒரு சின்னக் காந்தம், ஒரு பழைய துணி, செல்போன் டார்ச். இவை போதும்.

முதலில் விரிசல். நகரும் தாடை மேலே எழும்பும் அந்த வளைவின் அடிப்பகுதி, நிலைத்தாடையில் ஸ்லைடு (நகரும் தாடையோடு சேர்ந்து உள்ளே போய் வரும் நீளப் பகுதி) நுழையும் சதுர வாயின் நான்கு மூலைகள், பெஞ்சில் போல்ட் போடும் காதுகள். உடைந்த வைஸ்களில் பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான் உடைந்திருக்கும். துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். புது பெயின்ட் அடித்து விற்பதாக இருந்தால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். பெயின்டுக்கு அடியில் மெட்டல் பேஸ்ட் வைத்து மூடியிருந்தால் அந்த இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது. பித்தளை நிறத்தில் ஒரு கோடு ஓடினால் யாரோ ஏற்கெனவே பிரேசிங் (பித்தளையை உருக்கி ஒட்டுவது) செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்தது மரை. கைப்பிடியைச் சுற்றி முழுக்கத் திறக்கச் சொல்லுங்கள். திறக்கும்போதே ஸ்பிண்டிலின் இரண்டு முனைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டறையில் பெரும்பாலும் சின்னப் பொருள்களைத்தான் பிடிப்பார்கள். தாடை ஏறக்குறைய மூடியபடியே வேலை நடக்கும். அதனால் கைப்பிடிப் பக்கத்து மரைதான் அதிகம் தேயும். உள்முனையில் உள்ள மரை புதிதாக வந்தபோது இருந்தபடியே இருக்கும். அங்கே மரையின் தலை தட்டையாக அகலமாக இருந்து, கைப்பிடிப் பக்கம் வரவர அது மெலிந்து கூராகி இருந்தால், உள்ளே கண்ணுக்குத் தெரியாத நட் அதைவிட மோசமாக இருக்கும்.

பிறகு கைப்பிடியை இடமும் வலமுமாக ஆட்டுங்கள். தாடை அசையாமல் கைப்பிடி மட்டும் கால் சுற்றோ அரைச் சுற்றோ சும்மா ஓடினால் பரவாயில்லை. முழுச் சுற்று ஓடினால் விலையைக் குறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

கடைசியாக, தாடைகளுக்கு நடுவே ஒரு காகிதத் துண்டை இடக்கோடியிலும் பிறகு வலக்கோடியிலும் வைத்து மெதுவாக இறுக்கி இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் உருவிக்கொண்டு வந்தால் ஜா பிளேட் தேய்ந்திருக்கலாம் அல்லது அதன் பின்னால் அழுக்கு அடைத்திருக்கலாம். மேல் விளிம்பு முதலில் தொட்டு, கீழே மயிரிழை இடைவெளி தெரிந்தால் அது கோளாறு இல்லை. இறுக்கும்போது தாடை சற்றே பின்னால் சாய்வதால் நல்ல வைஸை அப்படித்தான் செய்வார்கள்.

எந்தக் கம்பெனி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எழுத்தைத் தேடுங்கள். நகரும் தாடையின் முன்முகம், இரண்டு பக்கவாட்டு முகங்கள், நிலைத்தாடையின் முதுகு, ஸ்லைடின் அடிப்பக்கம் என்று எல்லா இடமும் பார்க்க வேண்டும். எழுத்து பாதி அழிந்திருந்தால் சாக்பீஸைப் படுக்க வைத்து மேலே தேய்த்தால் மேடு மட்டும் வெள்ளையாகித் தெரியும்.

நம் பக்கம் அதிகம் கிடைக்கும் இங்கிலாந்து வைஸ் ரெக்கார்டு. ஷெஃபீல்டு நகரத்து சி. அண்ட் ஜே. ஹாம்ப்டன் கம்பெனி செய்தது, நீல நிறம். அதில் உள்ள எண்தான் அளவைச் சொல்லும்: 3 என்றால் தாடை 4 இன்ச், 4 என்றால் நாலரை இன்ச், 5 என்றால் 5 இன்ச், 6 என்றால் 6 இன்ச். "3 நம்பர் என்றால் மூணு இன்ச்" என்று கடைக்காரர் சொன்னால் சண்டை போடாதீர்கள், வாங்கி வந்துவிடுங்கள். 23, 25 என்று எண் இருந்தால் அது விரைவு விடுப்பு வகை. கைப்பிடித் தலைக்குக் கீழே சின்ன லீவர் ஒன்று இருக்கும். அதை அழுத்திக்கொண்டு தாடையைச் சுற்றாமலே இழுக்கலாம்.

பார்கின்சன் என்றோ பெர்ஃபெக்ட் என்றோ இருந்தால் அது யார்க்‌ஷயரின் ஷிப்லியில் செய்தது. விரைவு விடுப்புக்குப் பேர் போனது. நிறையப் பேர் அதன் அருமை தெரியாமல் லீவர் உடைந்ததும் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். வோடன், பாராமோ என்பவையும் இங்கிலாந்துச் சரக்குதான். அமெரிக்காவின் வில்டன் இங்கே அபூர்வம். ஸ்பிண்டில் முழுவதையும் ஓர் உருளைக் கூட்டுக்குள் மூடி, பின்பக்கம் துப்பாக்கிக் குண்டு வடிவில் முடித்திருப்பார்கள். பல வில்டன்களில் ஸ்லைடின் அடியில் மாதமும் ஆண்டும் அடித்திருக்கும்.

இந்தியச் சரக்கு என்றால் பெரும்பாலும் பஞ்சாப். ஜலந்தர், லூதியானா, பட்டாலா வார்ப்படச் சாலைகளில் இருந்து வந்தது. ஏபெக்ஸ் மாதிரிப் பெயர்கள் பழக்கமானவை. ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2586 என்ற எண்ணும் இருந்தால் பெஞ்ச் வைஸுக்கான இந்தியத் தர அளவுப்படி செய்தது. ரெக்கார்டின் உருவத்தை அப்படியே எடுத்து நீலப் பெயின்ட் அடித்த இந்திய வைஸ்களும் ஏராளம். வித்தியாசம் எழுத்தில் தெரியும். அசலில் எழுத்தின் ஓரம் கூர்மையாக, தரை சமமாக இருக்கும். நகல் எடுத்ததில் எழுத்து மழுங்கி, சுற்றிலும் மணல் பொரிந்த மாதிரி இருக்கும். நகல் என்பதற்காகத் தூக்கிப் போடத் தேவையில்லை. அதில் நல்ல வைஸும் உண்டு, ஆனால் விலை அசல் விலையாக இருக்கக் கூடாது.

பெயரே இல்லை. அப்போது?

பெயர் தெரிந்தால் மகிழ்ச்சி, தெரியாவிட்டாலும் வைஸ் வேலை செய்யும். மரை இன்ச்சா மெட்ரிக்கா என்பது மட்டும் தெரிந்தால் போதும். அது கீழே ஜா பிளேட் கேள்வியில் வருகிறது.

பிரெஞ்சுக்காரர் காலத்து வைஸ் புதுச்சேரியில் கிடைக்குமா?

கிடைக்கலாம். கார் செய்யும் பெஜோ குடும்பம் ஒரு காலத்தில் ரம்பம், உளியோடு வைஸும் செய்தது. சிங்க முத்திரை இருக்கும். ஆனால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் என்பதால் இங்கே கிடைப்பதெல்லாம் பிரெஞ்சுச் சரக்கு ஆகிவிடாது. ஏஎஃப்டி ஆலையின் பெயரிலேயே ஆங்கிலோவும் இருக்கிறது, பிரெஞ்சும் இருக்கிறது.

வார்ப்பிரும்பா ஸ்டீலா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?

வைஸின் அடிப்பக்கம், கண்ணில் படாத இடத்தில் அரத்தால் நாலு இழுப்பு இழுங்கள். கறுப்பு மாவாக உதிர்ந்து, விரலில் தேய்த்தால் பென்சில் கரி போல ஒட்டினால் அது சாதாரண வார்ப்பிரும்பு. அந்தக் கறுப்பு, உள்ளே இருக்கும் கிராஃபைட். பளபளப்பான சின்னத் தூளாகவோ சுருளாகவோ வந்தால் ஸ்டீல் அல்லது எஸ்ஜி இரும்பு (எளிதில் உடையாத வார்ப்பிரும்பு வகை). கிரைண்டரில் தொட்டால் வார்ப்பிரும்பின் பொறி மங்கிய சிவப்பாகக் கல்லின் பக்கத்திலேயே முடிந்துவிடும், ஸ்டீலின் பொறி வெளிச்சமாக நீண்டு ஓடும்.

இது ஏன் முக்கியம் என்றால், வார்ப்பிரும்பு வளையாது, உடையும். முன்கூட்டி எந்த எச்சரிக்கையும் தராது. சம்மட்டி வேலைக்கு அதை நம்பக் கூடாது.

எப்படிப் பிரிப்பது?

தாழ்வான பெஞ்சில், அல்லது தரையில் சாக்கு போட்டு உட்கார்ந்து செய்யுங்கள். கைப்பிடியை இடப்பக்கம் சுற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மரை முடிந்து நகரும் தாடை தளரும். அப்படியே முன்னால் உருவ வேண்டியதுதான். கடைசி நாலு விரல் வரும்போது ஒரு கை அடியில் இருக்கட்டும். 6 இன்ச் வைஸின் நகரும் தாடை காலில் விழுந்தால் சுளுக்கோடு போகாது.

உருவியதும் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ஸ்பிண்டில் நகரும் தாடைக்குள் நுழைந்து வெளிவரும் இடத்தில், உட்பக்கமாக ஒரு வாஷர், ஒரு ஸ்பிரிங், ஒரு ஸ்பிலிட் பின் இருக்கும். சில வைஸ்களில் பின்னுக்குப் பதில் காலர் ஒன்றை ஸ்குரூவால் இறுக்கியிருப்பார்கள். கைப்பிடியைத் தளர்த்தியவுடன் தாடையையும் கூடவே பின்னுக்கு இழுத்து வருவது இந்தக் கூட்டணிதான். பழைய வைஸில் முக்கால்வாசி நேரம் ஸ்பிரிங் இருக்காது, பின்னுக்குப் பதில் ஆணியை வளைத்து வைத்திருப்பார்கள். "இறுக்கினால் இறுகுது, தளர்த்தினால் வர மாட்டேங்குது" என்ற புகாருக்குக் காரணம் இந்த ஆணி. புது ஸ்பிலிட் பின்னும் சரியான வாஷரும் போட்டாலே பாதி வைஸ் சரியாகிவிடும்.

நட் ஒவ்வொரு கம்பெனியில் ஒவ்வொரு மாதிரி. கீழிருந்து போல்ட் போட்டிருக்கலாம், பின்னாலிருந்து இருக்கலாம், வெறுமனே பள்ளத்தில் உட்கார வைத்திருக்கலாம். போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். நட் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று சாக்பீஸில் ஓர் அம்புக்குறி போட்டு வையுங்கள். திருப்பிப் போட்டால் சில வைஸ்களில் ஸ்பிண்டில் கோணலாக நுழையும்.

துருவில் இறுகிப்போய் அசையவே இல்லை. என்ன செய்யலாம்?

கைப்பிடியில் பைப்பைச் செருகித் திருகுவதை மட்டும் செய்யாதீர்கள். டீசலோ மண்ணெண்ணெயோ துரு இளக்கும் ஸ்பிரேயோ, எது கையில் இருக்கிறதோ அதை மரையிலும் ஸ்லைடின் இடுக்கிலும் விட்டு, இரண்டு நாள் காத்திருங்கள். நடுநடுவே பித்தளைச் சுத்தியலாலோ மரச்சுத்தியலாலோ மெதுவாகத் தட்டுங்கள். எண்ணெய் உள்ளே இறங்குவது தட்டினால்தான். பிறகு திறக்கப் பார்க்காமல், முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு அசைத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக.

அப்படியும் வரவில்லை என்றால் சூடு. நட் இருக்கும் இடத்தை வெளியிலிருந்து கேஸ் டார்ச்சால் பரவலாகச் சூடாக்க வேண்டும், ஒரே புள்ளியில் வைக்கக் கூடாது. வார்ப்பிரும்பு ஒரு பக்கம் கொதித்து மறுபக்கம் சில்லென்று இருந்தால் பிளக்கும். சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றவே கூடாது. டீசலில் ஊறிய வைஸை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் நெருப்பைக் கொண்டு போக வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

துருவை எடுக்க எது நல்லது?

வழிகள் நிறைய. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் ஆசிட் பெரும்பாலோருக்குப் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். பிளாஸ்டிக் தொட்டியில் முழுக்க மூழ்கும்படி வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். ஒரு ராத்திரிக்கு மேல் விட வேண்டாம், நல்ல இரும்பையும் அரிக்க ஆரம்பிக்கும். வெளியே எடுக்கும்போது சாம்பல் கறுப்பாக இருக்கும், அது சரிதான். எடுத்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, கடைசியாகக் கொதிக்கும் வெந்நீரை ஊற்றுங்கள். இரும்பு சூடாகித் தானே காய்ந்துவிடும். காய்ந்த கையோடு எண்ணெய். கடற்காற்றில் பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஆரஞ்சு நிறம் ஏறிவிடும்.

துரு பொருக்குப் பொருக்காக ஏறியிருந்தால் மின்பகுப்பு முறை சிறந்தது. வாஷிங் சோடா கரைத்த தண்ணீர், 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், பலி கொடுக்கச் சில துண்டு கட்டடக் கம்பி. சார்ஜரின் நெகட்டிவ் வைஸில், பாசிட்டிவ் கம்பியில். மாற்றிக் கொடுத்தால் வைஸ்தான் கரையும். கம்பிக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பூன் கிண்ணம் எதையும் போடக் கூடாது, அதிலிருந்து நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் உப்பும் கூடாது. ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் மொட்டை மாடியிலோ கொல்லையிலோ வைத்துச் செய்யுங்கள், பீடி வேண்டாம். இப்போது வரும் சில ஸ்மார்ட் சார்ஜர்கள் எதிரே பேட்டரி இல்லையென்றால் ஓடவே மாட்டா, பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை தேடிக்கொள்ளுங்கள். கம்பியைப் பார்த்த முகத்தில்தான் துரு நன்றாக விடும், எனவே வைஸை அவ்வப்போது திருப்பி வைக்க வேண்டும்.

நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை இருப்பதால் மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகு) பற்றிக் கேட்பவர்கள் உண்டு. ஒரு பங்கு மொலாசஸுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற வைத்தால் நல்ல இரும்பைத் தொடாமல் துருவை மட்டும் எடுக்கும், உண்மைதான். ஆனால் இரண்டு வாரம் ஆகும், நம் வெயிலுக்கு அது புளித்து நாறுகிற நாற்றத்தில் பக்கத்து வீட்டார் கேட்டுக்கு வந்துவிடுவார்கள். தவிர, தமிழ்நாட்டில் மொலாசஸ் கட்டுப்பாட்டில் உள்ள பொருள், குடத்தை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வர முடியாது.

சின்ன ஸ்குரூ, வாஷர், பின் இவற்றுக்கு வீட்டுப் புளியே போதும்.

கக்கூஸ் ஆசிட் வேண்டாம். துரு நிமிடத்தில் போகும், வாஸ்தவம். கெட்டியாக்கிய ஜா பிளேட்டையும் ஸ்பிரிங்கையும் அது நொறுங்கவிடும், அதன் ஆவி அந்த அறையில் தொங்கும் மற்ற எல்லா ஸ்பேனரையும் துருப்பிடிக்க வைக்கும்.

ஆங்கிள் கிரைண்டரில் வயர் கப் மாட்டிப் பெயின்டைக் கிழிப்பவர்களுக்கு: பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் கட்டுப்படுத்தும் விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். காய்ந்த தூளாக உரசாமல் பெயின்ட் ரிமூவர் தடவி ஈரமாகவே சுரண்டி எடுங்கள். குழந்தைகள் விளையாடும் திண்ணையில் இந்த வேலை கூடாது. கிரைண்டரில் தேய்க்கும் கல்லைப் போட்டு எழுத்தையும் சேர்த்து வழித்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய வைஸ். வெளியே துரு அவ்வளவாக இல்லை, அப்படியே பயன்படுத்தலாமா?

கூடாது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியிலும், அடுத்த சில நாள்களில் தென்பெண்ணை பெருகியபோது கடலூர்ப் பக்கமும் பட்டறைகளுக்குள் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரோடு வந்த வண்டல், நட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். சுற்றினால் சாணைத்தூள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். முழுக்கப் பிரித்துக் கழுவினால்தான் உண்டு.

கடலோரத்தில் அதைவிடப் பெரிய விஷயம் உப்பு. துருக்குழிகளுக்குள் உப்பு தங்கிவிட்டால், மேலே என்ன பெயின்ட் அடித்தாலும் சில மாதத்தில் கொப்புளம் கிளம்பும். பார்ப்பவர்கள் பெயின்டைக் குறை சொல்வார்கள். நல்ல தண்ணீரில் பல முறை ஊற வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். போர் தண்ணீர் உப்பாக உள்ள தெருவில் இருந்தால் அதில் கழுவுவது வீண், குடிநீரையோ மழைநீரையோ பயன்படுத்துங்கள். மேலே சொன்ன மின்பகுப்பு முறை உப்பையும் சேர்த்து வெளியே இழுக்கும். கடலடியில் எடுத்த இரும்புப் பொருள்களை அருங்காட்சியகங்களில் பதப்படுத்துவதும் இதே அடிப்படையில்தான். கடற்கரையில் இருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் கிடந்த வைஸ் என்றால், வெள்ளம் படாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

நட் தேய்ந்துவிட்டது. புதிது போட முடியுமா?

முடியும், செலவைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கன்மெட்டல் அல்லது பாஸ்பர் பிரான்ஸ் என்ற வெண்கல வகைகளில் உட்பக்கம் சதுர மரை வெட்டுவது நல்ல லேத்காரருக்குக்கூட நிதானமான வேலை. ஸ்பிண்டிலும் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். தேய்ந்த ஸ்பிண்டிலுக்குப் புது நட் போட்டால் கைப்பிடிப் பக்கம் ஆடும், உள்முனைப் பக்கம் இறுகும்.

இங்கிலாந்து வைஸ் என்றால் மரை இன்ச் கணக்கு. இன்ச் லீட் ஸ்குரூ (மரை வெட்டும்போது கருவியை நகர்த்தும் தண்டு) உள்ள பழைய லேத் இருக்கும் பட்டறையாகப் பார்த்துப் போங்கள். மெட்ரிக் லேத்தில் வெட்ட வேண்டுமானால் 127 பல் சக்கரம் மாட்ட வேண்டும், அது எல்லோரிடமும் இருக்காது. ஸ்பிண்டிலையும் பழைய நட்டையும் இரண்டையும் கொண்டுபோய்க் கொடுங்கள், அளவு மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

விரைவு விடுப்பு வைஸில் இறுக்கும்போது டக்கென்று நழுவினால் உடனே அரை நட் (மரையை ஒரு பக்கம் மட்டும் பிடித்து, லீவரை அழுத்தினால் விலகும் நட்) போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அரை நட்டுக்கும் மரைக்கும் நடுவே கிரீஸும் அரத்தூளும் கல்லாகி நின்று, நட் முழுக்க மேலே ஏற முடியாமல் இருக்கும். கழுவி, ஸ்பிரிங்கைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.

ஜா பிளேட் ஸ்குரூவுக்கு எம் 8 போட்டால் இரண்டு சுற்றிலேயே நின்றுவிடுகிறது. ஏன்?

அது மெட்ரிக் எம் 8 இல்லை, 5/16 விட்வொர்த், அதாவது பழைய இங்கிலாந்து இன்ச் மரை. விட்டம் 7.94 மில்லிமீட்டர் என்பதால் எம் 8 போலவே கண்ணுக்குத் தெரியும். ஆனால் எம் 8-இல் மரைக்கு மரை தூரம் 1.25 மில்லிமீட்டர், 5/16 விட்வொர்த்தில் இன்ச்சுக்கு 18 மரை, அதாவது 1.41 மில்லிமீட்டர். கோணமும் வேறு, அது 55 டிகிரி, மெட்ரிக் 60 டிகிரி. பலவந்தமாக ஏற்றினால் உள்மரை போய்விடும். 3/8 விட்வொர்த் என்றால் இன்ச்சுக்கு 16. விட்வொர்த்தின் சுருக்கப் பெயரான பிஎஸ்டபிள்யூ ஸ்குரூ என்று கேட்டால் பழைய ஹார்டுவேர் கடைகளில் இன்னும் எடுத்துத் தருகிறார்கள். ஏற்கெனவே உள்மரை போயிருந்தால் துளையைப் பெரிதாக்கி எம் 10 டேப் போட்டுக்கொள்வதில் தப்பில்லை.

பிளேட்டைக் கழற்றும்போது ஸ்குரூ வராவிட்டால் தலையில் ஒரு நல்ல அடி அடித்துவிட்டு இம்பாக்ட் டிரைவர் வையுங்கள். கழற்றியதும் பிளேட் உட்காரும் இடத்தைச் சுரண்டுங்கள். அங்கே பல வருட அரத்தூள் கேக் மாதிரி இறுகியிருக்கும். அதை எடுத்தாலே தாடை நேராகிவிடுவது உண்டு.

புது பிளேட் செய்வதானால் வீட்டு வேலைக்கு இஎன் 8 (நடுத்தரக் கார்பன் ஸ்டீல்) பட்டையே போதும், கெட்டியாக்காமலே மாட்டலாம். பட்டறைக்கு என்றால் ஓஎச்என்எஸ் என்ற கருவி ஸ்டீலில் செய்து, 800 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கி எண்ணெயில் முக்கி, பிறகு 200 டிகிரியில் பதம் இறக்க வேண்டும். துளை, முள்வரி எல்லாம் சூடேற்றும் முன்பே முடித்துவிடுங்கள். பித்தளை, அலுமினியம் பிடிக்க இந்த முள்வரி ஆகாது. 2 மில்லிமீட்டர் அலுமினிய ஆங்கிளை இரண்டு துண்டு வெட்டித் தாடை மேல் தொப்பியாக மாட்டிக்கொள்ளுங்கள்.

விரிசலை வெல்டிங் செய்யலாமா?

எங்கே விரிசல் என்பதைப் பொறுத்தது. முதலில் அது எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் மாவைப் பூசுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் வெள்ளையின் மேல் ஒரு கோடாகக் கசிந்து வரும்.

போல்ட் காது, வைஸைத் திருப்பி வைக்க உதவும் சுழல் அடித்தட்டு என்றால் செய்யலாம். சாதாரண வெல்டிங் ராடு ஆகாது, ஒட்டின மாதிரி இருந்து பக்கத்தில் பிளக்கும். நிக்கல் ராடு வேண்டும். விரிசலின் முனையில் சின்னத் துளை போட்டு, முன்சூடு கொடுத்து, சின்னச் சின்னத் துண்டாக ஓட்டி, ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டி, கடைசியில் சாம்பலிலோ உலர்ந்த மணலிலோ புதைத்து மெதுவாக ஆற விட வேண்டும். பிரான்ஸ் ராடு போட்டுப் பிரேசிங் செய்தால் இன்னும் நிம்மதி. நகரும் தாடையின் கழுத்தில் விரிசல் என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். இறுக்கும் பாரம் முழுவதும் அங்கேதான் விழுகிறது.

பெயின்ட்?

கடைசி வேலை, ஆனால் எல்லோரும் முதலில் கேட்பது. ரெட் ஆக்சைடு பிரைமர் பழக்கமானது, கடலோரத்தில் எபாக்சி பிரைமர் அதைவிட நிற்கும். மேலே எந்த எனாமலும். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்காதீர்கள், காற்றில் ஈரம் சொட்டும்போது அடித்த பெயின்ட் உரியும். தை, மாசி நல்ல காலம். ஸ்லைடு, மரை, பிளேட் உட்காரும் முகம், சுழல் தட்டின் உரசும் முகம் இவற்றில் பெயின்ட் படக் கூடாது. எனாமல் தொட்டால் ஒட்டாது என்ற உடனே பெஞ்சில் ஏற்றாமல் ஒரு வாரம் காய விடுங்கள்.

எந்த உயரத்தில் மாட்ட வேண்டும்?

ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவர்களுக்கு முதல் வாரமே சொல்லித் தருவது: வைஸ் முன்னால் நேராக நின்று, முஷ்டியை முகவாய்க்கட்டையில் வைத்தால் முழங்கை தாடையின் மேல்முகத்தைத் தொட வேண்டும். குனிந்து அரம் போட்டால் இடுப்பு போகும். பெஞ்சின் கால் இருக்கும் இடத்துக்கு மேலேயே மாட்டுங்கள், நடுப்பலகையில் மாட்டினால் ஒவ்வோர் அடிக்கும் பலகை துள்ளும். நிலைத்தாடையின் பிளேட் பெஞ்ச் விளிம்பைவிடச் சற்று வெளியே நிற்க வேண்டும், அப்போதுதான் நீளக் கம்பியைச் செங்குத்தாகப் பிடிக்க முடியும். பலகைக்கு அடியில் வெறும் வாஷர் போடாமல் 6 மில்லிமீட்டர் இரும்புப் பட்டை கொடுத்து இறுக்குங்கள்.

கிரீஸா எண்ணெயா?

மரைக்கு கிரீஸ், ஸ்லைடுக்கு மெல்லிய எண்ணெய். ஸ்லைடிலும் கிரீஸை அப்பி வைத்தால் காற்றில் வரும் கடல் மணலும் அரத்தூளும் அதில் ஒட்டி இரும்பைத் தின்னும். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகி இறுகும். வேலை முடிந்ததும் தாடையை இறுக மூடி வைக்காமல் சற்றுத் திறந்து விடுங்கள். வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைப்பது போதும், மழைக்காலத்தில் தினமும்.

ஆயுத பூஜைக்குப் பிளேட்டிலேயே சந்தனமும் குங்குமமும் ஈரத்தோடு வைத்துவிட்டு நாலு நாள் லீவு போட்டுப் போனால், திரும்பி வரும்போது பொட்டு வைத்த இடத்தில் வட்டமாகத் துரு இருக்கும். பெயின்ட் உள்ள இடமாகப் பார்த்து வையுங்கள்.

வைஸிலேயே வைத்துச் சுத்தியலால் அடிக்கலாமா?

பின்னால் பட்டறைக்கல் போலத் தட்டையான மேடு இருந்தால் அதில் சின்ன வேலை செய்யலாம். தாடையில் பிடித்த பொருளை அடிப்பதானால், அடி நிலைத்தாடையை நோக்கி விழும்படி நில்லுங்கள். கம்பி வளைக்க, உளி அடிக்க, சிவக்கக் காய்ச்சியதைத் தட்ட என்றால் கொல்லர்கள் வைத்திருக்கும் கால் வைஸ்தான் சரி. அது அடித்துச் செய்த இரும்பு, அதன் கால் தரையில் ஊன்றி அடியை மண்ணுக்கு அனுப்பிவிடும். கடலூர்ப் பக்கம் கொல்லன் பட்டறைகள் குறைந்துவிட்டதால் கால் வைஸ் வெறும் எடை விலைக்கே கிடைக்கிறது. தாடை நேராக மூடாது, பக்கவாட்டில் ஆடும், பார்க்க அழகாகவும் இருக்காது. கிடைத்தால் விடாதீர்கள்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் புதியதே வாங்கிவிட்டால் என்ன?

வாரத்துக்கு ஒருமுறை சைக்கிள் பெடலைக் கழற்றுபவர் புதியதே வாங்கலாம், ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து. தினம் அரம் பிடிப்பவர், அதே காசுக்கு விரிசல் இல்லாத பழைய 5 இன்ச் ஒன்றைத் தேடுவது நல்லது. நட்டும் ஸ்பிண்டிலும் இரண்டும் போய், கழுத்திலும் விரிசல் இருக்கிற வைஸ் என்றால் அது யார் செய்ததாக இருந்தாலும் ஜா பிளேட்டையும் கைப்பிடியையும் கழற்றி வைத்துக்கொண்டு, மீதியை எடைக்குப் போட்டுவிடுங்கள்.